ஒரு பேனா, ஒரு கல், நாலு பேர்: ஐரிஷ் பேசப் பழகும் விளையாட்டு

அயர்லாந்தில் பள்ளிப் படிப்பை முடித்த யாரிடமாவது "ஐரிஷில் ஏதாவது சொல்லுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "அ வில் க்யத் அகம் துல் கொ ஜீ அன் லெஹ்ரஸ்?" கழிவறைக்குப் போக எனக்கு அனுமதி உண்டா என்று அர்த்தம். பதின்மூன்று பதினான்கு வருடம் பாடமாகப் படித்த மொழியில் கடைசியில் மிஞ்சியது இதுதான் என்று அவர்களே தங்களைக் கேலி செய்துகொள்வார்கள்.

கேலி இருக்கட்டும். இந்த வாக்கியம் மட்டும் ஏன் தங்கியது? தினமும் தேவைப்பட்டது. எதிரே நிற்கும் ஓர் ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னவுடன் ஏதோ ஒன்று நடந்தது. உச்சரிப்பு கொஞ்சம் சறுக்கினாலும் காரியம் ஆனது. வினைச்சொல் அட்டவணைகளுக்கு இந்த நான்கு வசதியும் கிடையாது. குழுவாக உட்கார்ந்து விளையாடி ஐரிஷ் பழகும் முறை செய்வதெல்லாம் இந்த நான்கையும் திட்டமிட்டு ஒரு மேசைக்குக் கொண்டுவருவதுதான்.

முதலில் மொழியைப் பற்றிக் கொஞ்சம். ஐரிஷ், அவர்கள் வாயில் 'கேல்கெ', கெல்டிக் குடும்பத்து மொழி. 1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதைத்தான் நாட்டின் முதல் ஆட்சிமொழி என்கிறது, ஆங்கிலம் இரண்டாவது. 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்று. காகிதத்தில் இவ்வளவு கௌரவம். ஆனால் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் 18 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். பள்ளி, கல்லூரிக்கு வெளியே தினமும் பேசுபவர்கள் சுமார் 72 ஆயிரம். தெரியும் என்றவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோர் 'நன்றாக வராது' என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

மொழி இப்படிச் சுருங்கிய கதை பெரியது. 1831-இல் தொடங்கிய அரசுப் பள்ளிகள் ஆங்கிலத்தில் நடந்தன. 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சம் ஐரிஷ் பேசிய ஏழைகளைத்தான் அதிகம் கொன்றது, கப்பலேற்றியது. இன்று ஐரிஷ் வீட்டுமொழியாக இருக்கும் பகுதிகளுக்குக் கேல்தஹ்த் என்று பெயர். டொனிகால், மேயோ, கால்வே, கெர்ரி என்று பெரும்பாலும் மேற்குக் கரையோரம் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. பதின்வயதுப் பிள்ளைகள் கோடையில் மூன்று வாரம் அங்கே போய், ஒரு வீட்டில் தங்கி, பகலில் பாடமும் மாலையில் விளையாட்டும் நடனமுமாக மொழி பழகுவது பழைய வழக்கம். அங்கே ஆங்கிலம் பேசி மாட்டிக்கொண்டே இருந்தால் மூட்டையைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். இந்த மூன்று வாரத்தில் வாய் திறந்ததுதான், அதற்கு முன்னும் பின்னும் இல்லை என்று சொல்லும் பெரியவர்கள் நிறைய.

ஆக, அங்கே ஐரிஷ் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, வாயைத் திறப்பவர்களுக்குத்தான் பஞ்சம். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து 'கிர்கல் கோரா', அதாவது உரையாடல் வட்டம். நூலகத்திலோ காபிக் கடையிலோ வாரம் ஒருநாள் கூடி ஐரிஷில் பேசுவது. 2016-இல் டப்ளினில் தொடங்கிய பாப்-அப் கேல்தஹ்த் இதையே மதுக்கடைக்குக் கொண்டுபோனது. நல்ல முயற்சிகள்தான். ஆனால் அங்கே புதிதாகப் போகும் ஒருவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டும், அதை எப்படிச் சொல்வது என்றும் யோசிக்க வேண்டும். இரண்டு சுமை ஒரே நேரத்தில். வானிலையைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு, மீதி ஒரு மணி நேரம் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

விளையாட்டு முதல் சுமையை இறக்கி வைக்கிறது. என்ன பேசுவது என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது: மேசைமேல் இருப்பதைப் பற்றி. அதைத் தவிர வேறெதுவும் இல்லை.

ஒரு சுற்றைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இங்கே நான் எழுதும் உச்சரிப்பு கால்வேக்கு மேற்கே உள்ள கானமாரா வழக்கை ஒட்டியது, அதுவும் தோராயமாகத்தான். நம் எழுத்தில் ப-வுக்கும் அதன் கனத்த ஒலிக்கும், க-வுக்கும் அதன் கனத்த ஒலிக்கும் தனித்தனி எழுத்து இல்லை என்பது தெரிந்ததுதானே. ஆனால் ஒரு இடத்தில் நமக்குக் கொழுத்த லாபம்: ஐரிஷின் 'த' பல இடங்களில் நாக்கு பல்லைத் தொடும் அசல் த. ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர் அதற்குத் திணறுவார். நாம் திணற வேண்டியதில்லை.

மேசையில் ஒரு பேனா, ஒரு கல். சுற்றி நாலு பேர். ஒருவருக்கு ஓரளவு ஐரிஷ் தெரியும், அவர்தான் நடத்துபவர். நீங்கள் அவருக்கு வலப்பக்கம்.

நடத்துபவர் பேனாவைத் தொட்டு, "கேர்த் ஏ ஷொ?" என்கிறார். இது என்ன? அவரே பதிலும் சொல்கிறார்: "இஸ் ப்யான் ஏ ஷொ." இது பேனா. ஒவ்வொரு சொல்லுக்கும் கையால் ஒரு சைகை. அடுத்து உங்களைப் பார்த்துக் கேட்கிறார். நீங்கள் சொல்கிறீர்கள், தவறினால் அவர் கூடவே சொல்கிறார். இப்போது நீங்கள் உங்கள் பக்கத்து ஆளைக் கேட்க வேண்டும். அவர் அடுத்தவரை. சுற்று முடிந்து திரும்பி வரும்போது கேள்வியை ஐந்தாறு முறை கேட்டிருப்பீர்கள், பதிலையும் கேட்டிருப்பீர்கள், இரண்டையும் சொல்லியும் இருப்பீர்கள். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

இரண்டாம் சுற்றில் கல். "இஸ் க்லொஹ் ஈ ஷொ." ஏ போய் ஈ வந்துவிட்டது. பேனா ஐரிஷில் ஆண்பால், கல் பெண்பால். இதை நடத்துபவர் விளக்க மாட்டார். ஏ என்று நீங்கள் சொன்னால், முகம் சுளிக்காமல் ஈ என்று திருப்பிச் சொல்லிக் காட்டுவார். மேசையில் இன்னும் இரண்டு பொருள் சேர்ந்ததும் வித்தியாசம் உங்களுக்கே தட்டுப்படும்.

மூன்றாம் சுற்றில் கல்லைக் காட்டி வேண்டுமென்றே தப்பாகக் கேட்கிறார்: "அன் ப்யான் ஏ ஷொ?" இது பேனாவா? "நீ ஹா." இல்லை. பேனாவைக் காட்டிக் கேட்டால், "ஷா." ஆமாம். ஒரு கல்லைப் பேனாவா என்று கேட்பது அபத்தமாக இருக்கும். அதனால்தான் எல்லோரும் சிரிப்பார்கள், அதனால்தான் மொழிபெயர்ப்பே தேவைப்படுவதில்லை. எதைப் பற்றிப் பேச்சு என்பது கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது.

அப்புறம் பேனாவை உங்கள் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கிறார்: "அ வில் ப்யான் அகத்?" உன்னிடம் பேனா இருக்கிறதா? "தா. தா ப்யான் அகம்." இருக்கிறது, என்னிடம் பேனா இருக்கிறது. பேனாவை வாங்கிக்கொண்டு மறுபடி கேட்டால், "நீல்." இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழ் வாசகருக்கு ஐரிஷ் தரும் மிக அழகான பரிசு இங்கேதான் இருக்கிறது. தா என்றால் இருக்கிறது. ப்யான், பேனா. அகம், என்னிடம். 'என்னிடம் பேனா இருக்கிறது' என்பதை அப்படியே பின்னாலிருந்து முன்னால் படித்தால் ஐரிஷ் வாக்கியம். ஆங்கிலத்தில் ஒரு பொருளை 'வைத்திருக்க' தனி வினைச்சொல் உண்டு. ஐரிஷில் கிடையாது, நம்மிடமும் கிடையாது. பொருள் நம்மிடம் இருக்கிறது, அவ்வளவுதான். 'எனக்குப் பசி' என்பதற்கு ஐரிஷ் "தா ஒக்ரஸ் ஒரம்": இருக்கிறது, பசி, என்மேல். டப்ளினில் பிறந்த பிள்ளை ஆங்கிலத்திலிருந்து இங்கே வரும்போது தலைகீழாகக் குதிக்க வேண்டியிருக்கிறது. நமக்கு வரிசை மட்டும்தான் தலைகீழ்.

இன்னொன்று. 'இது பேனா' என்பதில் இரு என்ற வினை இல்லை. 'பேனா மேசைமேல் இருக்கிறது' என்பதில் உண்டு. ஒன்று ஒரு பொருள் இன்னது என்று சொல்வது, மற்றது அது எங்கே, எப்படி இருக்கிறது என்று சொல்வது. ஐரிஷும் கிட்டத்தட்ட இதே இடத்தில் கோடு போடுகிறது: முதலாவதற்கு 'இஸ்', இரண்டாவதற்கு 'தா'. பள்ளிப் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தும் பகுதி இது. மேசையைச் சுற்றி விளையாடும்போது, "கேர்த் ஏ ஷொ?" என்றால் இஸ், தா-வின் கேள்வி வடிவமான "அ வில்" என்று தொடங்கினால் தா என்று காதே பிரித்துக்கொள்கிறது. கேட்ட கேள்வியின் வினையையே திருப்பிச் சொல்வதுதான் ஐரிஷில் ஆமாம் போடும் முறை. எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒற்றை 'ஆம்' அந்த மொழியில் இல்லை. 'வந்தாயா?' என்றால் 'வந்தேன்' என்கிறோமே, அதுபோல.

(பேனா போர்ச்சுகீசியர் வழியாக நமக்கு வந்த லத்தீன் சொல். ப்யானும் லத்தீனிலிருந்து வந்ததுதான். ஆனால் 'அகம்' அகம் போலவும் 'தா' தா போலவும் ஒலிப்பது வெறும் தற்செயல். தயவுசெய்து இதை வைத்து யாரும் ஆராய்ச்சி தொடங்கிவிட வேண்டாம்.)

பேனா கைமாறும்போது ஐரிஷின் புகழ்பெற்ற பூதமும் தானாக வெளியே வரும். என் பேனா, "மொ ஃப்யான்." உன் பேனா, "தொ ஃப்யான்." ப எங்கே போனது? முன்னால் வரும் சொல்லுக்கு ஏற்ப அடுத்த சொல்லின் முதல் எழுத்தே மாறுவது ஐரிஷின் இயல்பு. இந்த மென்மையாக்கத்துக்கு ஷேவூ என்று பெயர். இன்னொரு வகைக்கு உரூ. 'அந்த'வுக்குப் பின் 'பேனா' வந்தால் நடுவில் ஒரு ப் முளைத்து 'அந்தப் பேனா' ஆகிறது, 'இந்தியப் பேனா'வும் அப்படித்தான், 'சிறிய பேனா'வில் முளைப்பதில்லை. வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று பட்டியல் போட்டு நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், இன்றும் தடுமாறுகிறோம். ஆனால் பேசும்போது யாரும் பட்டியலைப் புரட்டுவதில்லை. ஷேவூவும் அப்படித்தான் வர வேண்டும். மொ ஃப்யான் என்று முப்பது முறை சொன்னவருக்கு மொ ப்யான் என்பது காதில் உறுத்தும். உறுத்தல் வந்த பிறகு விதியைப் படித்தால், தெரிந்த ஆளுக்குப் பெயர் வைப்பதுபோல எளிதாக இருக்கும்.

நான் விவரித்த இந்தச் சுற்று என் கண்டுபிடிப்பல்ல. எவன் கார்ட்னர் என்ற அமெரிக்கர் உருவாக்கிய 'வேர் ஆர் யுவர் கீஸ்?' என்ற விளையாட்டின் அடிப்படை இதுதான். உன் சாவி எங்கே என்பதுதான் பெயரே. பேசுபவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோன வட அமெரிக்கப் பழங்குடி மொழிகளை, ஆசிரியர் பயிற்சி, பாடநூல் என்று காத்திருக்காமல் பரப்ப அதைப் பயன்படுத்தினார்கள். நேற்றுக் கற்றவர் இன்று நடத்துபவர் ஆகலாம் என்பது அதன் உயிர்நாடி. ஐரிஷுக்கு அந்த அளவு நெருக்கடி இல்லை. ஆனால் கூச்சத்துக்கு அந்த முறை நல்ல மருந்து.

அதில் எனக்குப் பிடித்த விதிகள் மூன்று. ஒன்று, சைகை. அமெரிக்கச் சைகைமொழியிலிருந்து எடுத்த அடையாளங்களைச் சொல்லோடு சேர்த்துக் காட்டுகிறார்கள். மறந்துபோனால் நடத்துபவர் கையை மட்டும் அசைப்பார், சொல் வாயில் வந்துவிடும். இடையில் ஆங்கிலம் நுழைய வாய்ப்பில்லை. இரண்டு, யாராவது தப்புச் செய்தால் இரண்டு கையையும் மேலே தூக்கி 'அடடே, என்ன சுவாரசியம்!' என்று கூவ வேண்டும். படிக்கும்போது கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றும். தப்புச் செய்தவுடன் உடம்பு குறுகும் பாருங்கள், அதற்கு இது நேர் எதிர் அசைவு, வேலை செய்யும். மூன்று, 'நிறைந்துவிட்டது' என்று சொல்லும் உரிமை. மூளை நிரம்பியவர் அப்படிச் சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. பெரியவர்களின் வகுப்புகளில் ஆட்கள் பாதியில் நின்றுபோகக் காரணம் பல சமயம் இந்த ஒரு கதவு இல்லாததுதான்.

பொருட்கள் அலுத்த பிறகு தெரிந்த ஆட்டங்களுக்குப் போகலாம். சீட்டுக்கட்டில் ஜோடி சேர்க்கும் ஆட்டம் இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். "அ வில் ரீ அகத்?" உன்னிடம் ராஜா இருக்கிறதா? "தா" என்றால் கொடுத்தாக வேண்டும், "நீல்" என்றால் கட்டிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் நாற்பது ஐம்பது முறை இதே கேள்வி. ஜெயிக்கும் வெறியில் யாருக்கும் இது பயிற்சி என்றே தோன்றாது. நெற்றியில் ஒரு பெயரை ஒட்டிக்கொண்டு 'நான் யார்?' என்று கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கும் ஆட்டம் அடுத்த படி. 'நான் நடிகரா?' என்றால் இஸ் பக்கம், பதில் ஷா. 'நான் உயிரோடு இருக்கிறேனா?' என்றால் "அ வில் மே பியோ?", தா பக்கம். இரண்டுக்கும் மாறி மாறித் தாவ வேண்டும். ஒரு உண்மை இரண்டு பொய் சொல்லி மற்றவர்கள் ஊகிக்கும் ஆட்டம் இறந்தகாலத்துக்கு. வட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணினால் இன்னொரு வேடிக்கை: கல்லை எண்ணும்போது மூன்றுக்கு 'ட்ரீ', ஆளை எண்ணும்போது 'ட்ரூர்'. மூன்று, மூவர். ஆங்கிலத்தில் இல்லாத இந்த மரியாதை அவர்களிடம் உண்டு.

சரி, சிக்கல்களுக்கு வருவோம். முதல் சிக்கல் வட்டார வழக்கு. 'எப்படி இருக்கிறாய்?' என்பதற்கே தெற்கில் மன்ஸ்டரில் ஒன்று, மேற்கில் கானக்டில் ஒன்று, வடக்கில் அல்ஸ்டரில் ஒன்று. 1958-இல் அரசு ஒரு பொதுத் தரத்தை வெளியிட்டது, அது எழுத்துக்கு. வாய் எப்போதும் ஏதாவது ஒரு ஊரைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும். எனவே குழு முதல் நாளே ஒரு வழக்கைத் தேர்ந்துகொள்வது நல்லது. எதுவானாலும் பரவாயில்லை, கலக்காமல் இருந்தால் போதும்.

இரண்டாவது, உச்சரிப்பு. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஐரிஷில் ஏறக்குறைய ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் தடித்தது, மெலிந்தது என்று இரண்டு வடிவம். 'போ' என்றால் பசு, 'பியோ' என்றால் உயிருள்ள. நாலு தொடக்கக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து விளையாடினால், நாலு பேரின் தப்பும் ஒன்றாகக் கலந்து உறைந்துபோகும். வட்டத்தில் ஒருவராவது கேல்தஹ்த் உச்சரிப்பை நன்றாகக் கேட்டுப் பழகியவராக இருக்க வேண்டும். அப்படி யாரும் கிடைக்காவிட்டால், 1972 முதல் ஒலிபரப்பாகும் ரேடியோ நா கேல்தஹ்தாவை ஒவ்வொரு நாளும் காதில் போட்டுக்கொள்வதாவது வேண்டும். இணையத்தில் உலகின் எந்த மூலையிலும் கேட்கலாம்.

மூன்றாவது, இந்த முறைக்கு ஒரு கூரை உண்டு. பேனா, கல், நேற்று என்ன நடந்தது என்பது வரை விளையாட்டு உங்களைக் கொண்டுபோகும். வீட்டு வாடகை ஏன் இப்படி ஏறுகிறது என்று வாதாட வேண்டுமென்றால் படிக்க வேண்டும், கேட்க வேண்டும், நிஜமான பேச்சில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்குள் கிர்கல் கோராவில் தலையாட்டும் ஆளாக இருக்க மாட்டீர்கள்.

தொடங்க நினைப்பவர்களுக்கு: மூன்றிலிருந்து ஐந்து பேர் போதும், ஆறு பேர் ஆனால் உங்கள் முறை வருவதற்குள் தூக்கம் வந்துவிடும். மேசையில் முதல் நாள் இரண்டு பொருளுக்கு மேல் வேண்டாம். பேனா, கல் என்று எளிமையாக, எல்லோர் வீட்டிலும் கிடைப்பதாக இருக்கட்டும்; அடுத்த நாள் அதே பொருளைப் பார்த்தால் தனியாகவே பேசிக்கொள்வீர்கள். முக்கால் மணி நேரத்தில், ஆட்டம் இன்னும் சூடாக இருக்கும்போதே, நிறுத்திவிடுங்கள்.

நிறுத்தியதும் எப்படியும் டீ வரும். அயர்லாந்தில் டீ வராத கூட்டம் ஏது? ஐரிஷில் அதற்குப் பெயர் 'தே'. நம் தேயிலையில் இருக்கும் அதே தே, அதே சீனத்து வேர். நடத்துபவர் கெட்டிலைக் கையில் எடுத்து உங்கள் பக்கம் திரும்புவார். இந்தக் கேள்வி மேசை ஆட்டத்தில் வரவே இல்லை.

"எர் வா லாத் தே?"

வினையைத் திருப்பிச் சொன்னால் போதும்: "ப வா."